கட்டி வைத்த வீட்டுக்குக் குடி வராத பறவை

வீடு தயார். வாசலில் தண்ணீர் தயார். சாப்பிட மீனும் தயார். வாடகை கிடையாது.

ஆனால் குடி வர வேண்டியவர் வரவில்லை!

ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். பத்து ஆண்டுகளும் ஓடிவிட்டன. அப்போதும் வீடு காலியாகவே கிடந்தது.

யார் அந்தக் குடித்தனக்காரர்? ஒரு பறவை! சிறிய கோழி அளவே உள்ள ஒரு சதுப்பு நிலப் பறவை.

வீட்டைக் கட்டிக் கொடுத்தது யார்? அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறை!

சாலை போடுகிற துறை, பறவைக்கு ஏன் வீடு கட்டியது? அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டில் பறவை ஏன் கூடு கட்டவில்லை? அதைக் கண்டுபிடித்த கதை, துப்பறியும் கதை போலச் சுவையானது. அதில் உலகத்துக்கே ஒரு பாடமும் இருக்கிறது.

கைதட்டும் கோழி

அந்தப் பறவை காணாங்கோழி இனத்தைச் சேர்ந்தது.

காணாங்கோழி என்ற பெயர் அதற்கு மிகவும் பொருத்தம். அது புல்லுக்குள் ஒளிந்து வாழும். கண்ணில் படுவது அபூர்வம். குரல் மட்டும் கேட்கும். யாரோ மறைந்திருந்து 'டக் டக்' என்று கைதட்டுவது போல இருக்கும்.

நீண்ட அலகு. நீண்ட கால்கள். பறப்பதை விட ஓடி ஒளிவதில்தான் அதற்கு விருப்பம். நண்டு, நத்தை, பூச்சி ஆகியவை அதன் சாப்பாடு.

கலிபோர்னியாவின் தென் கரையிலும், அதை அடுத்துள்ள மெக்சிகோவின் கரையிலும் உள்ள உப்புச் சதுப்புகள்தான் அதன் ஊர். வேறு எங்கும் அது கிடையாது. 1970-ம் ஆண்டிலேயே அமெரிக்க அரசாங்கம் அதை 'அழியும் நிலையில் உள்ள பறவை' என்று பட்டியலில் சேர்த்து விட்டது.

அது கூடு கட்டும் விதம் ஒரு விந்தை.

கடலோரச் சதுப்பில் நீர் ஏறும், பிறகு வற்றும். தினமும் இப்படி நடக்கும். தரையில் கூடு கட்டினால் முட்டை தண்ணீரில் போய்விடும். காணாங்கோழிக்கு மரம் ஏறத் தெரியாது. அது என்ன செய்கிறது?

மிதக்கும் கூடு கட்டுகிறது!

அங்கே சேற்றில் ஒரு வகை உப்புப் புல் வளர்கிறது. பார்வைக்கு நம் ஊர்க் கோரையைப் போல நெடிதாக நிற்கும். அந்தப் புல்லின் காய்ந்த தண்டுகளைச் சேர்த்துப் பறவை கூடு முடைகிறது. சுற்றிலும் நிற்கும் பச்சைத் தண்டுகள், கூட்டை நகர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. முளைக் குச்சியில் படகைக் கட்டி வைப்பது போலத்தான்! நீர் ஏறினால் கூடு மேலே போகும். நீர் வற்றினால் கூடு கீழே இறங்கும். முட்டை நனையாது. கூடு அடித்துக்கொண்டு போகாது.

மேலே புல்லின் தலைகள் கவிந்து கூரை போல மறைக்கும். பருந்தின் கண்ணுக்குக் கூடு தெரியாது.

ஆகவே அந்தப் பறவைக்கு வேண்டியது வெறும் புல் அல்ல. நெடிய புல்! நீர் முழுவதும் ஏறிய பிறகும், கூட்டைப் பிடித்துக்கொள்ளவும் மறைக்கவும் போதிய உயரம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மணிக்கு 60 ஏக்கர்

சதுப்பு நிலம் என்றால் பலருக்கும் இளக்காரம். 'சேறு, கொசு, நாற்றம். மண்ணைக் கொட்டித் தூர்த்தால் நாலு காசு பார்க்கலாம்' என்று நினைப்பார்கள்.

ஆனால் அந்தச் சேறு செய்யும் வேலை கொஞ்சமா? மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. அழுக்கு நீரை வடிகட்டுகிறது. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டிலாக இருக்கிறது. கடலில் வலை வீசுகிறவனின் பிழைப்பு, கரையில் உள்ள சேற்றில் தொடங்குகிறது.

அமெரிக்கர்களும் ஒரு காலத்தில் இதை உணரவில்லை. 1780-களில், இன்றைய அமெரிக்காவின் உள்நாட்டு 48 மாநிலங்களில் சுமார் 22 கோடி ஏக்கர் ஈர நிலம் இருந்தது. 200 ஆண்டுகளில் அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. அரசாங்க நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 200 ஆண்டுகளாக, இரவும் பகலும், மணிக்கு 60 ஏக்கருக்கு மேல் அழிந்திருக்கிறது!

எல்லாவற்றிலும் மோசம் கலிபோர்னியா. அங்கே 100 ஏக்கர் இருந்த இடத்தில் 9 ஏக்கர்தான் மிஞ்சியது. சில வயலாயின. சில துறைமுகமாயின. சில வீட்டு மனைகளாயின. மிச்சம் இருந்த துண்டு துணுக்குகளில்தான் காணாங்கோழி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது.

1985-ம் ஆண்டில் கலிபோர்னியா முழுவதும் எண்ணிப் பார்த்தார்கள். 142 ஜோடிகள்தான் இருந்தன.

சாலை வந்தது

மெக்சிகோ எல்லைக்கு அருகே சான் டியாகோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அழகான வளைகுடா, கப்பல்கள் நிற்கும் துறைமுகம். அந்த வளைகுடாவில் ஸ்வீட்வாட்டர் என்ற ஆறு கலக்கிறது. 'நல்ல தண்ணீர் ஆறு' என்று பொருள். ஆனால் அது கடலில் கலக்கும் இடம் உப்புச் சதுப்பு. அங்கே காணாங்கோழி இருந்தது.

இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடமாகவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடவே வெள்ள நீரைக் கடலுக்குக் கொண்டு போக ஒரு பெரிய வாய்க்காலும் வெட்டத் திட்டம் போட்டார்கள். சதுப்பின் ஒரு பகுதி அழிய வேண்டியதாயிற்று.

அழியும் நிலையில் உள்ள உயிர்களைக் காக்க 1973-ம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் கடுமையான சட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு நிபந்தனை போடப்பட்டது. 'அழிக்கும் சதுப்புக்குப் பதிலாக வேறு சதுப்பு உண்டாக்கித் தரவேண்டும். மிச்சம் உள்ள சதுப்பு நிலத்தில் ஒரு பகுதியை, காப்பிடமாக அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்' என்பது நிபந்தனை.

சாலை வேலை தொடங்கியது. ஆனால் ஒப்படைப்பதாகச் சொன்ன நிலம் மட்டும் வந்து சேரவில்லை!

இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. கீழ்க் கோர்ட்டில் அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. அவர்கள் அப்பீல் செய்தார்கள். 1987-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேலையை நிறுத்தி வைக்கும்படி தடை விதிக்கச் சொன்னது.

கோடிக்கணக்கான டாலர் வேலை, ஒரு கோழிக்காக நின்றது!

மறு ஆண்டே சமரசம் ஏற்பட்டது. 1988-ம் ஆண்டில் 316 ஏக்கர் நிலம் அரசாங்கத்தின் காப்பிடமாக ஆயிற்று. சாலை வேலையும் தொடர்ந்தது. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு பெரும் பொறுப்பு மட்டும் மிச்சம் இருந்தது. புதிய சதுப்பை உருவாக்கிக் காட்ட வேண்டும்!

புல்லுக்கு அளவுகோல்

'சதுப்பு உண்டாக்கி விட்டோம்' என்று சும்மா சொன்னால் போதாது. அது சதுப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு அளவுகள் வகுத்தார்கள். மூன்று உயிர்களுக்கு அங்கே வாழ்வு கிடைக்க வேண்டும். முதலாவது, ஆலா என்ற கடல் பறவையில் ஒரு சின்ன வகை. அதற்கு இரையாகும் மீன்கள் புதிய கால்வாய்களில் போதுமான அளவு இருக்க வேண்டும். இரண்டாவது, உப்புச் சதுப்பின் மேட்டில் மட்டும் வளரும் ஓர் அபூர்வமான பூச்செடி. மூன்றாவது, நம் காணாங்கோழி. ஏழு ஜோடிகள் வாழத்தக்க இடம் வேண்டும். ஜோடி ஒன்றுக்கு 2 முதல் 4 ஏக்கர்.

காணாங்கோழிக்கு ஏற்ற புல் எது? அது இயற்கையாகக் கூடு கட்டும் இடங்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். முழங்கால் சேற்றில் நின்று புல்லின் தண்டுகளை எண்ணினார்கள். உயரத்தை அளந்தார்கள். அளவும் கிடைத்தது. ஒரு சதுர மீட்டரில் 100 தண்டுகளாவது இருக்க வேண்டும். அவற்றில் 30 தண்டுகளாவது 90 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 3 அடிக்கு மேல், வளர்ந்திருக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண்மணி. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த ஜாய் ஸெட்லர்.

வேலை முடிந்தது!

என்ஜினீயர்கள் சும்மா இருக்கவில்லை. 1984-ம் ஆண்டிலேயே ஒரு புதிய சதுப்பை வெட்டியிருந்தார்கள். 1990-ம் ஆண்டில் இன்னொன்றை வெட்டினார்கள். அந்த இடங்கள் முன்பு சதுப்பாக இருந்தவைதான். பிற்காலத்தில், வளைகுடாவைத் தூர் வாரியபோது வந்த மணலைக் கொட்டி மேடாக்கி விட்டார்கள். அந்த மேட்டை இப்போது வெட்டித் தாழ்த்தினார்கள். கால்வாய் போட்டுக் கடல் நீரை உள்ளே விட்டார்கள். உப்புப் புல்லைக் கொண்டு வந்து, நாற்று நடுவது போல நட்டார்கள்.

பார்க்க அழகாக இருந்தது. நீர் ஏறியது, வற்றியது. புல் வேர் பிடித்தது. மீன்கள் விரைவிலேயே வந்து சேர்ந்தன. ஆலாவின் கவலை தீர்ந்தது.

பூச்செடியின் விதையைக் காப்பிடத்தில் தூவினார்கள். அது முளைத்தது, பூத்தது. அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. அந்தப் பூ காய்க்க வேண்டுமானால் தேனீ வர வேண்டும். அங்குள்ள தேனீக்கள் சில, பக்கத்தில் உள்ள காய்ந்த தரையில்தான் வளை தோண்டி வாழ்கின்றன. ஆகவே சதுப்பு இருந்தால் மட்டும் போதாது. சதுப்புக்குப் பக்கத்தில் சதுப்பில்லாத இடமும் வேண்டும்!

மூன்றில் இரண்டு தேறிவிட்டது. மூன்றாவது?

காணாங்கோழி வந்து கூடு கட்டவில்லை.

புல் ஏன் குட்டை?

காரணம் கண்ணெதிரே இருந்தது. புல் வளர்ந்திருந்தது, ஆனால் குட்டையாக வளர்ந்திருந்தது. நீர் ஏறும்போது கூட்டைப் பிடித்துக்கொள்ள அந்த உயரம் போதாது. பருந்துக்கு மறைவாகவும் இருக்காது. பறவைக்கு அளவுகோல் தேவையில்லை. பார்த்தவுடன் தெரிந்துகொண்டு விட்டது!

அதே புல். அதே கடல் நீர். அதே வெயில். கூப்பிடு தூரத்தில் உள்ள பழைய சதுப்பில் அது நெடிதாக நிற்கிறது. இங்கே மட்டும் ஏன் குட்டை?

ஸெட்லரும் அவருடைய மாணவர்களும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். விடை அங்கே இருந்தது.

பழைய சதுப்பின் மண், கறுத்த களிச்சேறு. எத்தனையோ காலமாகப் புல் மடிந்து மக்கி மக்கி உண்டான மண். அதில் தழைச்சத்து ஏராளம்.

புதிய சதுப்பின் மண்? வெறும் மணல்! தூர் வாரிக் கொட்டிய மணல். அதில் மக்கு இல்லை. தழைச்சத்து இல்லை. இருந்த கொஞ்சம் சத்தையும் மணல் பிடித்து வைத்துக்கொள்ளாது, நீரோடு போய்விடும்.

இதற்கு விஞ்ஞானியே தேவையில்லை. மணலில் நட்ட பயிர் எப்படி வளரும் என்று எந்தக் குடியானவரைக் கேட்டாலும் சொல்லி விடுவார்.

யூரியா போட்டார்கள்

குடியானவர் செய்வதையே ஆராய்ச்சியாளர்களும் செய்து பார்த்தார்கள்.

முதலில் வைக்கோலையும் குதிரைமசால் தழையையும் மண்ணோடு கலந்தார்கள். சிறிது பலன் தெரிந்தது, போதவில்லை.

பிறகு யூரியா போட்டார்கள். புல் சரசரவென்று வளர்ந்தது! வேண்டிய உயரமும் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

உரத்தை நிறுத்தினார்கள். புல் பழையபடி குட்டையாகி விட்டது.

சத்து, மண்ணில் தங்கவே இல்லை. அதிகமாகப் போட்டால் வேறு தொல்லை. உமரிச் செடி உரத்தைத் தின்று கொழுத்து, புல்லை நெருக்கத் தொடங்கியது.

ஒரு சதுப்புக்கு எத்தனை காலம் உரம் போட்டுக்கொண்டே இருக்க முடியும்? அப்படியானால் அது சதுப்பா, வயலா?

பொறிவண்டு இல்லாத ஊர்

இன்னொரு விபத்தும் வந்தது. புதிய சதுப்பில் புல்லைச் செதில் பூச்சி பிடித்தது. தண்டில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. புல் வாடியது.

பழைய சதுப்பிலும் அந்தப் பூச்சி உண்டு. ஆனால் அங்கே அதைத் தின்று அடக்கி வைக்க ஒரு வகைப் பொறிவண்டு இருக்கிறது. புதிய சதுப்பில் பொறிவண்டு அபூர்வம்.

ஏன்? நீர் ஏறும்போது பொறிவண்டு நெடிய புல்லின் நுனிக்கு ஏறித் தப்பும். இங்கே புல் குட்டை. நுனியும் நீரில் மூழ்கிவிடும். பொறிவண்டு எங்கே போகும்? இப்படித்தான் ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

முடிச்சு எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள்! மண்ணில் சத்து இல்லை. அதனால் புல் குட்டை. புல் குட்டை, அதனால் பொறிவண்டு இல்லை. பொறிவண்டு இல்லை, அதனால் பூச்சி. பூச்சி வந்ததால் புல் இன்னும் நலிகிறது. புல் நலிந்ததால் காணாங்கோழி இல்லை.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிறது. பழைய சதுப்பில் இவை எல்லாம் தாமாகவே இணைந்து இருந்தன. எந்த என்ஜினீயரின் வரைபடத்திலும் அந்த இணைப்பு எழுதப்படவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் அளந்து பார்த்த பிறகு, ஸெட்லரும் அவருடன் ஆராய்ச்சி செய்தவரும் 1999-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். புதிய சதுப்பு, பழைய சதுப்பை எட்டிப் பிடிக்கும் வழியில் போய்க்கொண்டிருக்கவில்லை என்பதே அந்த முடிவு. 'காலம் போனால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள்.

சாலையில் அதற்குள் கார்கள் ஓடத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன!

ஏக்கருக்கு ஏக்கர்

இது ஓர் ஊரின் கதை மட்டும் அல்ல.

அமெரிக்காவில் 1972-ம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஈர நிலத்தைத் தூர்க்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ராணுவ என்ஜினீயர் படைதான் அனுமதி கொடுக்கிறது. 1989-ம் ஆண்டில் ஜனாதிபதியாக வந்த ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), 'இனி நாட்டில் மொத்த ஈர நிலம் குறையக் கூடாது' என்ற கொள்கையை ஏற்றார். ஓர் இடத்தில் அழித்தால் இன்னோர் இடத்தில் உண்டாக்க வேண்டும். கேட்க நன்றாக இருந்தது.

கணக்கும் நன்றாகவே இருந்தது. 1993 முதல் 2000 வரை சுமார் 24,000 ஏக்கரைத் தூர்க்க அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகச் சுமார் 42,000 ஏக்கர் உண்டாக்கும்படி உத்தரவிட்டார்கள். ஒன்று போனால் ஏறக்குறைய இரண்டு! நாட்டுக்கு லாபம் அல்லவா?

காகிதத்தில் லாபம்தான்.

தேசிய ஆராய்ச்சி கவுன்சில் இதைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் யார் தெரியுமா? புல்லை அளந்த அதே ஜாய் ஸெட்லர்தான்! 2001-ம் ஆண்டில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. உத்தரவிட்ட சதுப்புகளில் சில உண்டாக்கப்படவே இல்லை. உண்டாக்கியவற்றிலும் பல, நிபந்தனைப்படி இல்லை. 'குறையக் கூடாது' என்ற நோக்கம் நிறைவேறவில்லை என்று குழு சொன்னது.

சில வகைச் சதுப்புகளைத் திரும்ப உண்டாக்க வழியே தெரியவில்லை என்றும் எச்சரித்தது. குளிர் நாடுகளில் பாசியும் புல்லும் மக்கிப் படிந்து உண்டான சதுப்புகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அந்த மக்கு படியும். ஓர் ஆள் உயரத்துக்குப் படிய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை ஒரு நாளில் இயந்திரத்தால் வாரிவிட்டால், பதிலுக்கு எதைக் கொடுப்பது?

2012-ம் ஆண்டில் வேறு சில விஞ்ஞானிகள் உலகெங்கும் புதிதாக உண்டாக்கிய, அல்லது சீர் செய்த 621 ஈர நிலங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். செடி கொடி, உயிரினங்களின் நிலையில் அவை இயற்கைச் சதுப்புகளை விடச் சராசரி 26 சதவிகிதம் பின்தங்கி இருந்தன. மண்ணில் சத்தைச் சேர்த்து வைப்பது போன்ற வேலைகளில் 23 சதவிகிதம் பின்தங்கி இருந்தன. நூறு ஆண்டு ஆனவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

மிக்கி எலியின் நிலம்

அப்படியானால் இந்த முயற்சி எல்லாமே வீணா? இல்லை. வெற்றி பெற்ற கதைகளும் உண்டு.

அமெரிக்காவின் மற்றொரு கோடியில் உள்ளது பிளாரிடா மாநிலம். அங்கே மிக்கி எலியைப் படைத்த டிஸ்னி கம்பெனியின் மாபெரும் கேளிக்கை நகரம் இருக்கிறது. அதை மேலும் விரிவுபடுத்தினால் சதுப்புகள் அழியும். பதிலுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் குட்டைகள் வெட்டலாம். அப்படிச் செய்யவில்லை.

1990-களின் தொடக்கத்தில், கம்பெனி 8,500 ஏக்கர் கொண்ட ஒரு பழைய மாட்டுப் பண்ணையை வாங்கியது. அதை இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் விட்டது. பிறகு, ஆர்லண்டோ நகரின் விமான நிலைய நிர்வாகமும் தன் பங்குக்கு நிலம் சேர்த்தது. இப்போது அது சுமார் 11,500 ஏக்கர்.

அங்கே செய்த முக்கியமான வேலை என்ன? தோண்டுவது அல்ல, மூடுவது! மேய்ச்சலுக்காக முன்பு சதுப்பின் நீரை வடித்துவிட வெட்டிய வாய்க்கால்களை மண் போட்டு அடைத்தார்கள். நீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. மண் பழைய மண். அதன் சத்து அதில் இருந்தது. செடிகள் மீண்டும் தழைத்தன. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு அங்கே கூடு கட்டுகிறது.

மணலில் புதிதாகப் படைப்பதை விட, நோயுற்ற பழைய சதுப்பைக் குணப்படுத்துவது எளிது. இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சதுப்புக்கு ஒரு பாங்கி

2008-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் விதிகளை இறுக்கியது. முதலில், சதுப்பைத் தொடாமல் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், அழிவைக் குறைக்க வேண்டும். அதற்கும் மேல் போனால்தான் ஈடு கட்டும் பேச்சு. ஈடாகச் செய்த சதுப்பைக் குறைந்தது 5 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

'சதுப்பு பாங்கி' முறைக்கு முதலிடம் கொடுத்தார்கள். அது என்ன பாங்கி? ஒருவர் பெரிய இடத்தில் சதுப்பைச் சீர் செய்கிறார். அதிகாரிகள் அளந்து பார்த்து, தேறினால், அவர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். கட்டிடம் கட்டுகிறவர் அந்த வரவிலிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்பே புது வீட்டு வேலை தொடங்கி, அளந்து பார்த்தும் விடுகிறார்கள்! இந்த முறையிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. நகரத்தில் அழிந்த சதுப்புக்கு ஈடு, வெகு தூரத்துக் கிராமத்தில் போய்ச் சேருகிறது. வெள்ளம் வந்தால் நகரத்தில் உள்ளவனுக்கு அது உதவுமா என்பது அவர்கள் கேள்வி.

2023-ம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலையோடு இடைவிடாமல் மேல்பரப்பில் இணைந்துள்ள சதுப்புகளுக்குத்தான் அந்தத் தூய நீர்ச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. மற்றவற்றைத் தூர்க்க மத்திய அரசாங்கத்தின் அனுமதியே தேவையில்லை. ஈடு செய்ய வேண்டியதும் இல்லை. அந்தந்த மாநிலச் சட்டம்தான் காக்க வேண்டும்.

கோழி என்ன ஆயிற்று?

கடைசியாக, நம் காணாங்கோழி என்ன ஆயிற்று?

அது அழிந்துவிடவில்லை. மிச்சம் இருந்த பழைய சதுப்புகளைக் காத்தார்கள். நெடிய புல் இல்லாத சில சதுப்புகளில், மிதக்கும் பலகைகளை நிறுத்திக் கூடு கட்ட வசதி செய்து கொடுத்தார்கள். பறவை அவற்றை ஏற்றுக்கொண்டது. வழக்கு நடந்த அதே ஸ்வீட்வாட்டர் சதுப்பின் கரையில் ஒரு காட்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து, 2001-ம் ஆண்டிலிருந்து நூற்றுக்கணக்கான பறவைகளைச் சதுப்புகளில் விட்டிருக்கிறார்கள்.

1985-ம் ஆண்டில் 142 ஆக இருந்த ஜோடிகள், 2007-ம் ஆண்டில் 443 ஆகப் பெருகின. மறு ஆண்டே எண்ணிக்கை மீண்டும் சரிந்தது. பிறகு ஏறியது. இப்படி ஏற்றமும் இறக்கமுமாக அதன் வாழ்வு நடக்கிறது. அழியும் பறவைகளின் பட்டியலிலிருந்து அதன் பெயர் இன்னும் எடுபடவில்லை.

சாலை போட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்கள் சொன்னபடி மண்ணை வெட்டினார்கள், நீரை விட்டார்கள், புல்லை நட்டார்கள். அவர்களால் கொடுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது காலம். புல் மடிந்து, மக்கி, சேறாகிச் சேர்ந்த காலம்! எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது.

சான் டியாகோவில் இரவும் பகலும் கார்கள் பறக்கின்றன. சாலைக்குப் பக்கத்தில் பழைய சதுப்பில் மிஞ்சிய துண்டு இன்னும் இருக்கிறது. விடியற்காலையில் வண்டிச் சத்தம் சற்று ஓய்ந்திருக்கும்போது, உயர்ந்து நிற்கும் புல்லுக்குள்ளிருந்து அந்தக் கைதட்டல் கேட்கும்.